தோற்கும் இடம்

கே.வி.குப்பத்துக்கு மேற்கே, முனிரத்தினம் கொல்லி.
எழுநூற்றிருபது அடி வரை
வெறும் கல்தூள்.

இங்கேதான் கன்னியப்பன் உள்ளங்கையில்
தேங்காய் எழுந்து நின்றது,
நானும் பார்த்தேன்.
"பக்கத்து மோட்டார் இழுத்துக்கிச்சு" என்கிறார்.
போன வருஷம் லத்தேரியில்
யாரோ செருப்போடு நின்றுவிட்டார்களாம்.
அவர் தேங்காய் ஒருநாளும் தோற்றதில்லை.
அதுதான் அதற்கு வந்த நோய்.

என்னிடம் நாலு கம்பி, ஒரு பேட்டரி,
மின்தடை எண்கள் நிரம்பிய நோட்டு.
'வேப்பமரத்துக்குத் தெற்கே இருபது தப்படி,
முந்நூறு அடிக்குள் வெடிப்புப் பாறை;
இல்லையேல் என் கணக்கு பிழை'
தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தேன்.
கருதுகோள் என்றால் எனக்கு இவ்வளவுதான்:
தோற்கும் இடத்தை
முன்னமே சொல்லிவைப்பது.

முந்நூற்றுப் பத்து.
தூள்.

குறுக்கே கருங்கல் சுவர் ஓடியிருக்கும் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
உண்மையாகவும் இருக்கலாம்.
செருப்புக் கதையும் இப்படித்தானே பிறந்திருக்கும்.

"அப்போ ஒனக்கும் அவருக்கும் இன்னாம்மா வித்தியாசம்?"
அடிக்கு இவ்வளவு என்று
கடன் வாங்கிக் கட்டியவர் கேட்கிறார்.

நோட்டைத் திறந்து
'பிழை' என்று எழுதினேன்.
அவருக்கு அது எதற்கு?

கன்னியப்பன் தேங்காயை
ரிக் வண்டி இரும்பில் தட்டி உடைத்தார்.
ஆளுக்கு ஒரு மடக்கு.
அன்றைக்கு அந்த நிலத்தில் கிடைத்த
மொத்தத் தண்ணீர்.