உள் பாக்கெட்

ஜாக்கெட் வேண்டும் என்றேன்.
பிளவுஸ் பிட் மாடியில் என்று கை காட்டினாள்
வாசலில் நின்ற பெண்.
அந்த ஜாக்கெட் இல்லையம்மா,
மேலே போட்டுக்கொள்வது, குளிருக்கு.
என் நெற்றி வேர்வையையே பார்த்தாள்.
சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம்
கார்த்திகைக் கடைசியிலும் பகல் பன்னிரண்டுக்குப்
போலீஸ்காரர் தொப்பியால் விசிறிக்கொள்கிறார்.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவள் நான்.
ஐப்பசியில் ஏற்காட்டுக்கு மாற்றல்.
அம்மாபேட்டையிலிருந்து ஸ்கூட்டியில், விடிவதற்கு முன்னால்,
இருபது கொண்டை ஊசி.
பத்து வரைக்கும் சேலம் கூடவே வரும்.
பதினாலில் யாரோ கதவைத் திறந்து விடுவார்கள்.
அதற்கப்புறம் கை என் கையில்லை.
இத்தனை நாள் சுடிதாருக்குள் தினசரித்தாள் செருகி ஓட்டினேன்.
சாயங்காலம் இறங்கி வந்து பார்த்தால்
வயிற்றில் தலைப்புச் செய்தி
இடவலம் மாறி ஒட்டியிருக்கும்.

சபியுல்லா ஏழெட்டு எடுத்துப் போட்டான்.
"ஃப்ளீஸ் மேடம். ஆட்டுக்குட்டி மாதிரி."
தொட்டால் ஆமாம். போட்டால் அடுப்பு.
முதுகில் வேர்வை கோடு போடக்
கண்ணாடி முன் நின்று
இல்லாத குளிரை நினைத்துப் பார்க்கிறேன்,
சாப்பிட்டு முடித்த கையோடு
மளிகைச் சிட்டை எழுதுகிறவள் போல.

பெண்கள் மாடலில்
பாக்கெட் மாதிரி ஒரு தையல். விரல் நுழையாது.
ஆண்கள் மாடலில் நான்கு பை, ஒன்று நெஞ்சுக்குள்.
அதில் ரீடிங் மெஷின் போகுமா?
போயிற்று.
துணியை வாயில் வைத்து ஊதினேன்.
மறுபுறம் உள்ளங்கையில் மூச்சு பட்டது.
"இது காத்தைத் தடுக்காதே தம்பி."
"தடுக்காது மேடம். வண்டியில போறப்ப
மேல ஒரு ரெயின்கோட் போட்டுக்கங்க."
"துவைச்சா உருண்டை உருண்டையா வருமா?"
"வரும்."
வியாபாரத்துக்கு வந்திருக்கவே கூடாத பையன்.
எம் சைஸ், களிமண் நிறம்,
ஆயிரத்து நூற்றைம்பது.

குளிரை மற்றவர்கள் டிகிரியில் சொல்வார்கள்.
நான் யூனிட்டில் படிக்கிறவள்.
சனி ஞாயிறு மட்டும் ஆள் வரும் பங்களாவில்
மார்கழிக் கணக்கு எண்ணூற்றுப் பத்து:
கீசர், ஹீட்டர்,
சில்வர் ஓக்குக்குச் சுற்றிய சீரியல் பல்பு.
கீழே எஸ்டேட் லைன் வீட்டில் நாலு பேர்,
அறுபத்திரண்டு.
ஐப்பசியில் அறுபது.
அந்த இரண்டு யூனிட்டில்
என்ன குளிர் காய்ந்தார்களோ.

அங்கேதான் ஆரோக்கியமேரி
காப்பிப் பழம் பறித்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு
என் ஜாக்கெட் கையைத் தடவிப் பார்த்தாள்,
முதலில் ஒரு விரலால்.
"எவ்வளவு?"
"நானூறு" என்றது என் வாய்.
மீட்டர் எண்ணை ஒரு நாளும்
மாற்றிச் சொன்னதில்லை நான்.

உள்ளே போனாள். டப்பா மூடி திறக்கும் சத்தம்.
நான்கு நூறு ரூபாய்த் தாள்,
தீப்பெட்டி அளவுக்கு மடித்தது.
"எனக்கும் ஒண்ணு வாங்கியாங்க.
மண்ணு கலர் வேணாம், மண்ணைத்தான் தினம் பாக்கறேனே.
செவப்பு இருந்தா பாருங்க.
மூடுபனியில ஆள் தெரியும்."
திரும்பும் வழியெல்லாம், இருபது வளைவும்,
உள் பாக்கெட் கனத்தது.

இன்று சனிக்கிழமை.
அதே கடை, அதே ஃபேன், அதே வேர்வை.
"யாருக்கு மேடம், என்ன சைஸ்?"
எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் இணைப்பு எண்,
அப்புறம், வாசலில் குனிந்துதான் வெளியே வருவாள் என்பது.
இரண்டு கையையும் அகட்டிக்
காற்றில் ஒரு தோளைப் பிடித்துக் காட்டினேன்,
இவ்வளவு இருக்கும்.
சபியுல்லா சிவப்பில் ஒன்றை எடுத்து வந்து
என் கைகளுக்கு நடுவில் பிடித்தான்.
சரியாக இருந்தது.

விலைச் சீட்டை மட்டும்
வெட்டிவிடு தம்பி, என்றேன்.