தலைப்பு

போ என்றே பெயர் இந்த ஆற்றுக்கு.
யாரும் போகவில்லை.
பால் கறக்க வந்தவர்கள் முப்பது வருடமாய்க்
கறந்துகொண்டே இருக்கிறார்கள்.
பாலாடைக்கட்டிதான் உலகெங்கும் போய்வருகிறது.

லங்கர் கூடத்துக்கு மேலே
பருப்பு வாசனை ஏறிவரும் அறையில்
ஐந்தாவது கூட்டம்.
குறிப்பெழுதுபவள் நான், இந்தர்ஜோத்.
பகலில் மாட்டுத்தீவனக் கடைக்குக் கணக்கு.

திரையில் மூன்று சதுரங்கள்.
வூல்கூல்காவில் குல்வர்ன் கௌருக்கு இன்னும் விடியவில்லை,
யூபா சிட்டியில் நிஷ்டருக்கு உச்சிவெயில்,
கெரிச்சோவில் ரஸ்பீர் கொட்டாவியை
மீசைக்குள் மறைக்கிறார்.
எல்லோரும் விழித்திருக்கும் மணி என்று ஒன்று
பூமியில் கிடையாது.
யார் தூக்கம் மலிவு என்று பார்த்துக் கூட்டம் வைக்கிறோம்.

முகப்பு காவியா நீலமா
என்பதில் நாற்பது நிமிடம் போயிற்று.
நீலம் என்றார் பொருளாளர் ஹர்பக்ஷ்,
நீலம் என்றே எழுதச் சொன்னார்,
எழுதினேன்.
பழைய எழுத்துருவில் தட்டிவைத்ததெல்லாம்
புதிய திரையில் கோழி கிளறியதுபோல் ஆகிறதே,
அதற்கு ஒரு குழு.
பதினான்கு தலைப்புகள் முடிவாயின:
குர்முகி அரிச்சுவடி,
கிர்பானைப் பார்த்து மிரளும் காவலரிடம் காட்ட ஒரு கடிதம்,
அஸ்தி அனுப்பும் வழி,
இருநூறு பேருக்குப் பருப்பின் அளவு...
மிச்சம் பின்னிணைப்பில்.

அப்போதுதான் தேக்பீர், இரவுக் கறவைக்காரன்,
நிரல் எழுதுவதும் அவனே,
வெள்ளோட்டம் விட்ட ஒன்பது நாளில்
தேடல் பெட்டியில் விழுந்தவற்றை வாசித்தான்.
கல்யாண மண்டபம். பருப்பு. மறுபடியும் பருப்பு.
பிறகு, எழுத்துப் பிழையோடு,
அதிகாலை மூன்று பத்துக்கு:
ஒரு கையால் தலைப்பாகை கட்டுவது எப்படி.
மூன்று பதினான்குக்கு அதே கேள்வி, பிழை திருத்தி.
மூன்று முப்பத்தொன்றுக்கு
"ஒரு கை" மட்டும்.

முடிவுகள் இல்லை என்று
மூன்று முறையும் பணிவாகச் சொல்லியிருந்தது
நாங்கள் கட்டிய பக்கம்.

எந்த ஊர், பார் என்றார் ரஸ்பீர்.
பார்க்க முடியாது.
தேடுபவர் ஊரைப் பதியக்கூடாது என்று
மூன்றாம் கூட்டத்துத் தீர்மானம்,
என் கையெழுத்திலேயே இருக்கிறது.

எங்கள் ஊர்தான் என்றார் ரஸ்பீர், தேயிலை உருட்டும் எந்திரம்.
இல்லை, எங்கள் பாதாம் உலுக்கி என்றார் நிஷ்டர்.
குல்வர்ன் கௌர் ஒன்றும் சொல்லவில்லை,
அவர் சதுரம் கொஞ்ச நேரம் இருட்டாக இருந்தது.
நானும் நினைத்தேன்,
வைக்கோல் கட்டும் எந்திரத்துக்கு
இந்த ஆற்றங்கரை கொடுத்தவற்றை.

தேக்பீர் எழுந்தான்.
சின்ன பட்கா கட்டிய தலை,
வலது கையை இடுப்பு வாருக்குள் செருகிக்கொண்டான்.
ஐந்து மீட்டர் நீலம்.
ஒரு முனையைக் கதவுப் பிடியில் முடிந்து
மடிப்பெடுத்தான், தலைப்பைப் பல்லில் கடித்தான்,
அது எல்லோரும் செய்வதுதான்.
மூன்றாம் சுற்றில் சரிந்தது.
இன்னும் கீழே, காதுக்குக் கீழே
என்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குரல்.
ஏழாம் தடவை நின்றது, கோணலாக.

விழுந்ததை வெட்டிவிடாதே என்றார் ஹர்பக்ஷ்.
ஆறு தடவையும் இருக்கட்டும்.

பதினைந்தாவது என்று எழுதினேன்.
பெயர் பிறகு.

இரண்டு நாள் கழித்து, மூன்று ஐந்துக்கு,
ஒரு தேடல்:
வலது கையால்?

இடது கையால் கட்டிக் காட்டியிருந்தோம்.
இல்லாதது வலது என்று
எங்களுக்கு யார் சொன்னார்கள்?

கறவை முடித்துச் சாணி வாசனையோடு வந்தான் தேக்பீர்,
இடது கையைச் செருகினான்.
துணி முனையைப் பிடித்துக்கொள்ள
நான் கை நீட்டினேன்.
வேண்டாம் என்றான்,
அங்கே யார் பிடிப்பார்கள்.
கதவுப் பிடியில் முடிந்தான்.