இடைவெளிக்கு ஒரு பஸ் டிக்கெட்

இருபத்துநாலு வோல்ட்டைப் பன்னிரண்டாக்க வேண்டும்,
அவ்வளவுதானே என்றிருந்தேன்.
ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டால் முடிந்தது;
மிச்சப் பாதி சூடாய்ப் போகும்.
தேசிங்கு அண்ணன் படகில் பேட்டரி இருப்பது
சூடு காய்வதற்கு இல்லை.

ஆகவே சுவிட்ச்.
போடு, அணை, போடு, அணை,
நொடிக்கு ஒரு லட்சம் முறை.
பாதி நேரம் முழுசாய்க் கொடு,
பாதி நேரம் ஒன்றுமே கொடாதே,
சராசரி பன்னிரண்டு.
முதல் வாரம் வஞ்சிரம், கடைசி வாரம் ரசம் என்று
மாசத்தை ஓட்டுகிற வீட்டில்
இது புதுக் கணக்கில்லை.

ஐஸ் ஃபேக்டரி விட்டு
சிங்காரத்தோப்புக்கு வந்து சேர எட்டு மணி.
அப்புறம்தான் சால்டரிங் அயர்ன் சூடாகும்.
முதல் மாஸ்பெட் சத்தமில்லாமல் செத்தது.
இரண்டாவது, பட்டாணி பொரிந்த மாதிரி.
மூன்றாவதன் மூடியைத் தேடி எடுத்தேன்
தலையணைக்கடியில்.
நாலாவதும் போனபிறகு விளங்கியது:
மேலே இருப்பது தூங்குமுன்
கீழே இருப்பது விழித்துக்கொள்கிறது.
ஒரே கணம் இரண்டும் விழித்திருந்தால்
பேட்டரி நேரே தரையில் கொட்டிவிடும்.
இரண்டுமே தூங்குகிற நேரம் ஒன்று நடுவில் வேண்டும்.
டெட் டைம் என்கிறது புத்தகம்.
எண்பது நானோ நொடி வைத்தேன்.
என் நாளில் அது எங்கே என்று யோசித்தால்
ஓ.டி.யில் ஏறி திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்வரை
ஜன்னலோரம் கிடைத்தால்.

அங்கே வைண்டிங் கடையில் நூறு கிராம் செம்புக் கம்பி.
இருபத்திரண்டு சுற்று.
மூணு ஆம்பியர் தாண்டியதும் ஃபெரைட் நிறைந்துபோய்
எதையும் தடுக்கமாட்டேன் என்கிறது.
இரண்டு பாதிக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்
காற்று விடு என்கிறது கணக்கு.
பர்ஸில் அன்றைய டிக்கெட்,
மகளிர், கட்டணம் பூஜ்யம்.
நாலாய் மடித்துச் செருகினேன்.
நின்றது.
சேமிப்பெல்லாம் ஃபெரைட்டில் என்று நம்பியிருந்தேன்,
பெரும்பகுதி
அந்த டிக்கெட்டின் தடிமனில் இருக்கிறதாம்.

படகில் மாட்டினோம். பன்னிரண்டு புள்ளி பூஜ்யம்.
ஜி.பி.எஸ். கண் விழித்தது.
அண்ணன் மீட்டரைத் தன் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தார்.

மறுநாள் விடியுமுன் முகத்துவாரம் தாண்டி ஒரு போன்:
"வேம்பு, வயர்லெஸ்ல யாரு பேசினாலும்
மொளகா வறுக்கிற மாதிரி இருக்குது.
ஒம் பொட்டிய அணைச்சா சரியாவுது."

என் மேசையில் அது அமைதியாகத்தான் இருந்தது.
அங்கே கேட்பதற்கு ரேடியோ இல்லை.

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்:
கெப்பாசிட்டரில் கிளம்பி இரண்டு சுவிட்சையும் கடந்து
கரண்ட் வீடு திரும்பும் வழி நாலு விரற்கடை.
சுற்றி வருகிற வளையம் பெரிசானால்
ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறது.
சுண்டுவிரல் நகத்துக்குள் அதை அடக்க
புது போர்டு வரைகிறேன். மூன்றாம் முறை.

அதுவரை அண்ணன்
பேசும்போது பெட்டியை அணைக்கிறார்,
வழி பார்க்கப் போடுகிறார்.
ஒரு நாளைக்கு
முப்பது முறையாவது இருக்கும்.