பிளாஸ்டிக் எலுமிச்சை

இரவு ஒன்பது நாற்பது.
கான்பெராவில் அக்டோபர்க் குளிர் இன்னும் விடவில்லை.
குழு அறைக்குள் மட்டும் கோட்டைக் கழற்றச் சொல்லும் வெப்பம்.
செயலாளருக்குப் பின்னால் மூன்றாவது நாற்காலி என்னுடையது.
மடியில் தடித்த கோப்பு:
மஞ்சள் தாளில் விளம்பரம், பச்சையில் ஊழியர்கள்,
சிவப்பில், யாரும் கேட்டுவிடக் கூடாதே
என்று வேண்டிக்கொள்ளும் கேள்விகள்.

செனட்டர் ட்ரெகென்ஸா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பக்கம் நாற்பத்தொன்று.
எலுமிச்சை, பிளாஸ்டிக், பதினாறு.
இருநூற்றெட்டு டாலர். இது என்ன?"

யாரோ சிரித்தார்கள். அமைச்சர் தண்ணீர் குடித்தார்.
செயலாளர் திரும்பாமலே
இரண்டு விரலைத் தோளுக்குப் பின்னால் நீட்டினார்.
அந்த விரல்களுக்கு வெஸ்னா என்று பொருள்.

படப்பிடிப்புக்குப் போனவள் நான்தான்.
வெள்ளத்தில் வீடிழந்தவளாக ஒரு நடிகை,
வெள்ளமே எட்டாத மேட்டுத் தெருவில்
வாடகைக்குப் பிடித்த சமையலறையில்,
தொலைபேசியைக் காதில் வைத்துச் சிரிக்க வேண்டும்.
நிஜ எலுமிச்சைகள் விளக்குச் சூட்டில்
இரண்டாம் நாளே சுருங்கிவிட்டன.
சிரிப்பும்தான்.
அதற்கு மாற்று கிடைக்காமல்
ஒன்பது முறை எடுத்தார்கள்.

'காட்சிப் பொருள்' என்று எழுதி நீட்டினேன்.
"காட்சிப் பொருள்" என்றார் செயலாளர்
அப்போதுதான் கண்டுபிடித்தவர்போல.

"விளம்பரத்துக்கு மொத்தம்?"
"ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் டாலர்."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டோம்:
இரவுச் செய்திக்கு முன் முப்பது வினாடி,
கால்பந்து இடைவேளையில் பதினைந்து,
பேருந்தின் முதுகில் ஆறு வாரம்.
ஆறுதான் அளக்காமல் வந்தது.

"சரி. மக்கள் அழைத்தால்
எடுத்துப் பேச எத்தனை பேர்?"

பச்சைத் தாள்.
பதினேழு. மாலை ஆறுக்கு மேல் நான்கு.
எழுதும்போது பேனா ஒருமுறை நின்று எழுதியது.

இந்தக் கோப்புக்காகப் போன வாரம்
அழைப்புப் பதிவுகளைக் கேட்டேன்.
ஒருவர், வயதானவர், பெயர் சொல்லும் கட்டத்துக்கே வரவில்லை.
காத்திருந்தது ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
நாற்பது வினாடிக்கு ஒருமுறை
அந்த நடிகையின் குரல்:
நீங்கள் தனியாக இல்லை.
"சரிம்மா" என்கிறார் அவர்.
நீங்கள் தனியாக இல்லை.
"சரிம்மா, பரவாயில்லை."
பின்னணியில் சுவரை உரிக்கும் ஓசை,
நாய் ஒன்றை வெளியே போகச் சொல்லும் அதட்டல்.
இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு
பதில் சொல்வதை அவர் நிறுத்திவிட்டார்.
குரல் நிறுத்தவில்லை.

செயலாளர் என் சீட்டைப் படித்தார்.
நான்காக மடித்தார்.
முழுப் பூசணியை மறைக்கச் சோறெல்லாம் வேண்டாம் இங்கே,
ஒரு வாக்கியம் போதும்:
"எழுத்துமூலம் பதில் தருகிறோம், செனட்டர்."

ட்ரெகென்ஸா அவரைப் பார்க்கவில்லை.
அவர் தோளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.
நான் கோப்பில் பக்கம் தேடுவதுபோல்
பக்கம் தேடினேன்.
"உங்கள் நேரம் முடிந்தது" என்றார் தலைவர்.
அடுத்த உறுப்பினருக்குத்
துறையின் வாடகைக் கார்கள்மேல் அக்கறை.

மறுநாள் செய்தித்தாள்களில் எலுமிச்சைதான்.
கேலிச்சித்திரம்கூட வந்தது;
அமைச்சர் ஒன்றைக் கடித்துப் பல்லைப் பிடித்துக்கொள்கிறார்.
நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன்.
பதினேழு எங்கும் இல்லை.

டிசம்பரில் எழுத்துமூலப் பதிலை நானே வரைந்தேன்:
'ஊழியர் எண்ணிக்கை தேவைக்கேற்ப மாறும்.'
மூன்று பேர் திருத்தினார்கள்.
'மாறும்' என்பது 'மாறக்கூடும்' ஆயிற்று.

க்வீன்பியனில் என் சமையலறை ஜன்னலில்
மஞ்சளாய் ஒன்று இருக்கிறது.
வெயில் படும் இடம்தான், சுருங்கவில்லை.
சில இரவுகளில் பாத்திரம் கழுவிவிட்டு
மோந்து பார்க்கிறேன், ஏனென்று தெரியாமல்.
பில்லில் பதினாறு.
கிடங்கில் பதினைந்து.
அதைப் பற்றி எந்த செனட்டரும்
இதுவரை கேட்கவில்லை.