பத்தடி முன்னப்பின்ன

ஒரு பலகைக்கு அறுபது சொல்.
மேலே போனால் எழுத்து சிறுத்துவிடும்,
வண்டியில் போகிறவருக்குத் தெரியாது என்றார்கள்.
வண்டியில் போகிறவர் எதற்குப் படிக்கப்போகிறார்
என்று நான் கேட்கவில்லை.
நாற்பத்தொரு பலகை. பலகைக்கு இருநூறு ரூபாய்.

கோட்டை இருந்தது, இடித்தார்கள்.
அகழி இருந்தது, தூர்த்தார்கள்.
அந்த மண்ணின் மேல்தான் நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள்.
இதற்கே பன்னிரண்டு ஆகிவிட்டது.
மீதியில்
‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ இரண்டு,
‘எழில்மிகு’ ஒன்று,
திறந்துவைத்தவர் பெயர், பட்டம், பதவி பதினொன்று.

சோணைமுத்து டிரில் மெஷினோடு வருவார்.
செங்கல்லா சுண்ணாம்பா என்று
விரல் மடக்கித் தட்டியே சொல்லிவிடுவார்.
“இது பழைய சுவரு, பொரிஞ்சிரும்.
கொஞ்சம் தள்ளி அடிப்போம்.”
இப்படித்தான் மதுரையின் வரலாறு
பல இடங்களில் ஒரு முழம் தள்ளி நிற்கிறது.
பன்னிரண்டாம் பலகையில் பெட்டிக்கடைக்காரர்
கூட ஒரு ஆணி அடிக்கச் சொன்னார்,
லைட்டர் தொங்கவிட.
அடித்துக் கொடுத்தோம்.

ஒன்பதாம் பலகை
தெற்கு மாசியிலிருந்து பிரிகிற தெருவில்.
ஒரே வாரம். மேலே கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிட்டார்கள்.
அறுபது சொல்லும் மறைந்து
அந்தக் கறுப்புக் கட்டம் மட்டும்
போனவரின் மீசைக்குப் பக்கத்தில் பிழைத்துக் கிடந்தது.
ஸ்கேன் செய்தால் அவர் கதை வரும் என்று
நினைத்தார்களோ என்னவோ,
அன்றைக்கு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதற்கு முந்தைய வாரம் நான்கு.
அதில் மூன்று நான்.

செயலியின் அடியில் ‘பிழை சுட்டுக’ என்று ஒரு பொத்தான்.
யாரும் அழுத்தமாட்டார்கள் என்று வைத்தது.
ஒருவர் அழுத்தினார். பெயர் மெஹ்ராஜ் பீவி.
“ரோட்ட அகலமாக்கினப்ப
எங்க வீட்ல பத்தடி எடுத்தாய்ங்க.
கோட்டை போனதப் போட்ருக்கீங்க.
இது போனதக் காணோம்.”

உட்கார்ந்து எண்ணினேன்.
எழில்மிகு போகட்டும்.
வரலாற்றுச் சிறப்புமிக்க போகட்டும்.
மூன்று சொல்லுக்கு இடம் கிடைத்தது.
‘வீடுகளும் பத்தடி போயின.’

இரும்புப் பலகையில் மாற்ற முடியாது,
டெண்டர் முடிந்துவிட்டது.
யாரையும் கேட்காமல்
செல்போனில் வருகிறதை மட்டும் மாற்றினேன்.
இனி சுவர் ஒன்று சொல்லும், கை ஒன்று சொல்லும்.

பிளாஸ்டிக் குடக் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு
கீறல் விழுந்த போனோடு வந்தார்.
வாசித்தார்.
மறுபடி வாசித்தார்.
பிறகு தெரியாமல் வரைபடத்தைத் தொட்டுவிட்டார்.

நாங்கள் நிற்பது சுவரோரம்.
நீலப் புள்ளி போய் நின்றது நடுரோட்டில்.
ஷேர் ஆட்டோக்கள் அதன் மேல்
ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

“பத்தடி முன்னப்பின்னதான் காட்டும்க்கா,
குறுகின தெருவுல சிக்னல் அப்படி” என்றேன்.

கண்ணாடிக் கீறலுக்குக் கீழே எழுத்து:
நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்.

அவர் போனைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார்.
ஒரு ஆட்டோ போகும்வரை பொறுத்தார்.

“இல்ல, சரியாத்தான் காட்டுது.
அது அடுப்படி.”