தேத்தண்ணிக் கறை

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி,
அச்சகத்தின் மேல்மாடி.
எழுத்துப்பிழை பார்ப்பது என் வேலை.
நவநீதராசர் முப்பத்தொரு நாவல் எழுதினார்.
முப்பத்தொன்றையும் நான் வாசித்தேன்,
காற்புள்ளியோடு, ஒற்றெழுத்தோடு.

கதாநாயகர்கள் நினைவில் இல்லை.
ஒருவன் ஐந்தாம் அத்தியாயத்தில் சுரேந்தர்,
ஒன்பதாவதில் மகேந்தர்.
நான் தவறவிட்டேன், அப்படியே அச்சில் வந்தது.
ஒரு வாசகரும் கடிதம் போடவில்லை.

ஆனால் விண்கப்பலின் அந்த மருந்தாளர்,
காற்றுக் குழாயைத் திருகி மூடுமுன்
ஒவ்வொரு கதவிலும் நின்று மன்னிப்புக் கேட்டவர்,
அவருடைய மூக்குக்கண்ணாடி
எந்தப் பக்கம் வெடித்திருந்தது என்று
நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.
இடப்பக்கம்.

செவ்வாயில் குடியேற்றம் நடத்திய இயந்திரம்
யாரையும் அடிக்காது.
பேசியதைத் திருத்தி மட்டும் தரும்.
திருத்தித் திருத்தி ஒரு நாள்
அங்கே எவருக்கும் சொந்தமாய் ஒரு வசனம் இல்லை.
அந்த நாவலில் மட்டும்
சிவப்புப் பேனை பிடிக்கக் கை கூசியது.

பிறகு ஈரவாயன்.
பேர வாவியிலிருந்து ஏறி வந்தவன்.
செருப்பைக் கழற்றிச் சோடியாய் வைத்துவிட்டுக்
கதவை ஒருமுறைதான் தட்டுவான்.
"கொஞ்சம் தண்ணி தருவீங்களா?"
கொடுத்தவரின் குரல் அவன் தொண்டைக்குப் போய்விடும்.
கொடுத்தவர் வாய் திறந்தால்
பிறகு வாவியின் சத்தம்.

தொடராக வந்தபோது இரண்டு கிழமை அவனைக் காணவில்லை.
அட்டனிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது:
"ஈரவாயனுக்குச் சுகமில்லையா?"

கடைசி அத்தியாயத்தை முடித்த கையோடு
நவநீதராசர் களுபோவில ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார்.
கையெழுத்துப் பிரதி என் மேசைக்கு வந்தது.
கடைசித் தாளில், கடைசி வரியில்
வட்டமாய் ஒரு தேத்தண்ணிக் கறை.

காலி வீதியில் மழை விட்டிருந்தது. ஈரவாயன் இற

அதன் பிறகு கபில நிறம்.
கறைக்கு அப்பால் ஒரு ன், புள்ளியோடு.

இறந்தானா?
இறங்கினானா?

"செத்துட்டான்டு போடுங்க புள்ள,
சனம் நிம்மதியா தூங்கட்டும்"
என்றார் முதலாளி ஃபாறூக் நானா.

அன்றைக்கு நாலு மணி நேர மின்வெட்டு.
மெழுகுதிரி வைத்து முதலிலிருந்து வாசித்தேன்.
எண்ணுவது என் தொழில் நோய்.
ஈரவாயன் எடுத்த குரல்கள் நான்கு.
நாலாவது போனபின்
கொழும்பில் எவரும் எவருக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை.
பூட்டிய கதவுகளுக்கு வெளியே
வெயிலில் விழுந்தவர்கள்,
மாத்திரை விழுங்க முடியாமல் விக்கியவர்கள்,
தாகம் என்று சொல்லப் பயந்த ஒரு தபால்காரன்:
பதினொரு பேர்.
பதினொரு பேரையும் ஒற்றை வரியில் எழுதியிருந்தார்,
போகிற போக்கில்.
முதல் வாசிப்பில் நானும் அந்த வரியில்
ஒரு சந்திப்பிழையைத்தான் கண்டேன்.

இறந்தான் என்று போட்டால்
கதவுகள் எல்லாம் திறந்துகொள்ளும்,
உள்ளே இருந்தவர்கள் நல்லவர்களாகி
வெளியே வருவார்கள்.

இறங்கினான் என்று எழுதினேன்.
நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸிலிருந்து,
வெள்ளவத்தையில், மிச்சக் காசு வாங்காமல்
என்று நானாகவே சேர்த்தேன்.
இருபத்தெட்டு வருடத்தில் நான் எழுதிய வரி
அது ஒன்றுதான்.

புத்தகம் வெளிவந்து மூன்றாம் இரவு.
திரும்பவும் இருட்டு.
கதவில் ஒரு தட்டு.
கீழ்வீட்டுக்கு மோட்டர் திருத்த வந்த பொடியன்.
வாசலில் செருப்பு,
சோடியாய் அல்ல, ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
"அக்கா, கொஞ்சம் தண்ணி."

கதவுச் சங்கிலியைப் பிடித்தபடி
எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.
அந்த நேரத்தில் தபால்காரன் ஒருவன்
எந்த வாசலில் விழுந்தானோ.

பொடியன் மூன்று கிளாஸ் குடித்தான்.
வாயைத் துடைத்தான்.
"அரிக்கன் லாம்பு வச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டு
இல்லை என்றதும் போய்விட்டான்.

இப்போதெல்லாம் தொலைபேசியை எடுத்து
"ஹலோ, பிலோமினா கதைக்கிறன்" என்றபின்
ஒரு கணம் காது கொடுக்கிறேன்.
இதுவரை
என்னுடையதுதான்.