வெள்ளைக் கண்

சனிக்கிழமை ஹேண்ட்பால் முடிந்து வந்தான் ஹோக்னி,
பதினொரு வயது.
யாரோ ஒருவனின் முழங்கை.
யாருடையது என்று அவனே பார்க்கவில்லை.
வீக்கமில்லை, ரத்தமில்லை,
கழுவிக் கவிழ்த்த கிண்ணம் போல
வெள்ளை வெளேரென்று கண்.
இரண்டு தடவை வாந்தி.
மூளை அதிர்ச்சி என்று எழுதினேன்.
இருட்டறை, ஓய்வு, திரை பார்க்கக் கூடாது,
எல்லாருக்கும் கொடுக்கும் அதே தாள்.

விடியற்காலை நாலு மணிக்கு அவன் அம்மா டூரியின் போன்.
"என்னை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன் என்கிறான் டாக்டர்.
ஆட்டத்துக்குப் போகாதே என்று திட்டினேன், அந்தக் கோபம்."

ஏறெடுத்தும்.
நான் எழுந்து உட்கார்ந்தேன்.

கிளாக்ஸ்விக் ஆஸ்பத்திரி, இரண்டாம் அறை.
விரலை உயர்த்தினேன்.
வலது கண் ஏறியது.
இடது கண் இருந்த இடத்திலேயே இருந்தது.
இன்னும் கொஞ்சம் பார் என்றேன்,
நாடி அறுபது, ஐம்பது, நாற்பத்து நாலு.
போதும், போதும், கீழே பார் கண்ணா.

வளர்ந்தவன் எலும்பு என்றால் நொறுங்கும்,
கன்றிப்போகும், ஊரே நம்பும்.
குழந்தை எலும்பு வளையும்,
காற்றடித்த படகுக் கொட்டகைக் கதவு போல
ஒரு நொடி திறந்து
ஒன்றுமே நடக்காதது போல் சாத்திக்கொள்ளும்.
இடுக்கில் கயிறு மாட்டியிருப்பது
கதவுக்குத் தெரியாது.

ஸ்கேனில் ஒரு கோடு, மயிரிழை.
அதன் கீழே சாம்பல் நிறத்தில்
தொங்கும் ஒரு துளி.

கோபன்ஹேகன் விமானம் பனிமூட்டத்தில் நின்றது.
ஒன்பது மணி, பதினொன்று, ஒன்றரை.
மாட்டிய தசைக்கு ரத்தம் போகாத நேரத்தை
நான் விரல்விட்டு எண்ணினேன்,
முதல் எட்டு மணி நேரம் என் கணக்கு.

டூரி நாற்காலியை விட்டு இறங்கினாள்,
ஈர மழைச்சட்டையோடு
கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.
அவன் பார்வை போகிற இடம் அதுதான்.
அங்கிருந்தபடி அவனிடம் ஏதோ சொன்னாள்.
அவன் சிரித்தான்.
நான் ஜன்னலுக்குப் போய்விட்டேன்,
மலையைக் காணோம்.

இப்போதெல்லாம் அடிபட்டு வரும் பிள்ளைகளிடம்
முதலில் கூரையைக் காட்டுவேன்.
அங்கே ஓர் ஈரக்கறை இருக்கிறது.
திமிங்கிலம் என்றாள் ஒருத்தி,
இன்னொருவன், சாக்ஸ்.

ஜூன் மாதம் மறுபரிசோதனைக்கு வந்தான் ஹோக்னி.
தழும்புகூட இல்லை.
மேலே பார், என்ன தெரிகிறது?
தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு
யோசித்துச் சொன்னான்:
"எதைக் கேட்கிறீர்கள்?
இரண்டு இருக்கிறதே."